பன்னிரண்டு மணிக்கு முன்னால் வந்தவர்கள்

ஜூன் 14, சனி

சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் இந்தியாவில் பாதிப் பேர் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள். மீதிப் பாதிப் பேர் ஏற்கெனவே இங்கே வந்து வழுக்கி விழுந்திருப்பார்கள். இந்த மாபெரும் படையெடுப்பைத் தனி ஆளாக நின்று தடுக்கும் பொறுப்பு, ஐந்தருவிச் சாலை 'சாரல் இல்ல'த்தின் சக்கரவர்த்தியும் காவல்காரனும் குழாய் ரிப்பேர்காரனுமாகிய குற்றாலிங்கத்துக்கு, அதாவது எனக்கு, விதிக்கப்பட்டிருக்கிறது.

வீடு என் அக்கா மகள் வடிவுடையது. அவள் பெங்களூரில் உட்கார்ந்தபடி போனிலேயே நாள் வாடகைக்கு விடுகிறாள். நான் பின்பக்கத்து அறையில் இருந்துகொண்டு சாவி கொடுக்கிறேன், சாவி வாங்குகிறேன். சட்டம் ஒன்றுதான். என் கைப்படப் பலகையில் எழுதி வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன்: போகிறவர்கள் காலை பத்து மணிக்குள் போக வேண்டும், வருகிறவர்கள் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் வர வேண்டும். நடுவில் இருக்கும் நேரம் தரைக்கு. இங்கே வருகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, ஊறட்டும் என்று வீடு முழுக்க உலாத்திவிட்டுத்தான் அருவிக்குப் போவார்கள். போன வாரம் கூடத்தில் வழுக்கிய பல்லி ஒன்று அடுப்படி தாண்டிக் கொல்லைக் கதவில் போய்த்தான் நின்றது. வீட்டு வேலைக்கு வருகிற முப்பிடாதி சீயக்காய்த் தூளைத் தூவி நார் பிரஷ்ஷால் ஒரு யுத்தமே நடத்தினால்தான் மனிதன் நிற்கிற மாதிரி தரை கிடைக்கும்.

ஆனால் பன்னிரண்டு மணிக்கு வருகிற மனிதனை நான் இதுவரை கண்டதில்லை. விடிந்ததும் வேன் வந்து நிற்கும். "பையை மட்டும் வச்சுக்கிறோம்", "சும்மா ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிடறோம்." இதற்காக நான் ஒரு பாம்பு வளர்க்கிறேன். குளியலறையில் இருப்பதாகச் சொல்லும் பாம்பு. போன சீசனில் மூன்றடி இருந்தது. இந்த சீசனில் பதினாலு அடி.

வடிவு போன் பண்ணினாள். ஜூலை ஒன்பதாம் தேதி சாயங்காலத்துக்குள் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டுமாம், பத்தாம் தேதி நெஞ்சை அறுப்பார்களாம். ரத்தக்குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு. சீசனில் தென்காசி ரோட்டில் முப்பது இடத்தில் அடைப்பு இருக்கிறது, அதை யாராவது அறுக்கிறார்களா என்று கேட்டேன்.

"மாமா, இதுக்கு மேல தள்ளக் கூடாதுன்னு டாக்டர் கண்டிசனா சொல்லிட்டாரு."

"சீசன் முடியட்டும்டி."

"சீசன் முடியறதுக்குள்ள நீங்க முடிஞ்சிராதீங்க."

என் வாய் அப்படியே அவளிடம் இறங்கியிருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

நேற்றுத் தங்கியவர்கள் விடியற்காலை ரயிலுக்கே போய்விட்டார்கள். நான் பால் வாங்கப் போய்த் திரும்பினால் வாசலில் வேன். விருதுநகர்க் கூட்டம். பன்னிரண்டு மணிக்கு வர வேண்டியவர்கள், காலை ஏழுக்கே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவும் எப்படி? சுவரோரமாக வரிசையாக, ஆளுக்கு ஒரு ஜோடி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வாத்தியார் தண்டனை கொடுத்த மாதிரி.

"கதவ யாரு திறந்தா?" என்றேன், சிம்மம் போல.

"அம்மாதாங்க" என்றார் அவர்களில் மூத்தவர்.

"எந்த அம்மா?"

"இப்பத்தான் அடுப்படிப் பக்கம் போனாங்க. தரை எண்ணெயா கிடக்கு, செருப்பக் கையில எடுத்துக்கிட்டு சுவரோரமா வாங்கன்னாங்க. நீங்க வந்து சத்தம் போடுவீங்க, கண்டுக்காதீங்கன்னும் சொன்னாங்க."

அடுப்படியில் யாரும் இல்லை. கொல்லைக் கதவு பூட்டியபடி இருந்தது. கூடத்தின் நடுத்தரையில் எண்ணெய் பளபளவென்று கிடந்தது, அதில் ஒரு காலடி கூட இல்லை.

முப்பிடாதி வழக்கம்போல் தாமதமாக வந்தாள். கேட்டேன்.

"நான் இப்பந்தான வாரேன் அண்ணாச்சி. என்னைய ஆரு அம்மான்னு கூப்பிடுதா? எம் மருமவளே கூப்பிட மாட்டேங்கா."

சாவியை மறந்து கதவிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். அவ்வளவுதான். மற்றது விருதுநகர்க்காரர்களின் கற்பனை.

ஜூன் 18, புதன்

சாவி நேற்று முழுக்க என் அரைஞாணில்தான் இருந்தது. இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

முன்கதவு பூட்டாமல் உள்ளே தாழ் மட்டும் போட்டிருந்து, யாராவது உள்ளேயிருந்து திறந்திருக்கலாம் என்றால், தாழ்ப்பாளே கிடையாது. இரண்டு சீசனுக்கு முன்னால் ஒரு கோஷ்டி உள்ளே தாழ் போட்டுக்கொண்டு எண்ணெய்க் குளியல் மயக்கத்தில் கும்பகர்ணனுக்கே குறட்டை சொல்லிக்கொடுத்ததில், வடிவு அதைக் கழற்றச் சொல்லிவிட்டாள். அது இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டைதான் இருக்கிறது. விரலை விட்டுப் பார்த்தேன். ஓட்டைகள் ஓட்டைகளாகவே இருந்தன.

ஜூன் 22, ஞாயிறு

இன்று வந்தவர்கள் ஒரு நாளே முன்னால் வந்துவிட்டார்கள். ராஜபாளையத்து ரிட்டயர்ட் ரயில்வே கார்டும் அவர் மனைவியும். ரயிலை வாழ்நாள் முழுக்கத் தாமதமாக ஓட்டியதற்குப் பரிகாரம் போலும். கேட்டிலேயே நிறுத்தி, பதினாலு அடிப் பாம்பை அவிழ்த்துவிட்டேன்.

"பாம்பா?" என்றார் அந்த அம்மாள். "உள்ள ஒரு அம்மா தரை தேச்சிட்டிருக்காங்களே, அவங்களுக்குப் பயமா இல்லையா?"

வீடு காலி. முப்பிடாதிக்கு இன்று லீவு.

"ஜன்னல் வழியா பாத்தாங்க சார். தலையில பச்சைக் கட்டம் போட்ட துண்டு. இருங்க வாரேன்னு கையக் காட்டினாங்க."

அவர்களை வேறு விடுதிக்கு அனுப்பினேன்.

பச்சைக் கட்டம் போட்ட துண்டு உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கும். குழல்வாய்மொழி கட்டிக்கொண்டதும் அப்படி ஒன்றுதான். என் மனைவி. கோயில் அம்மனின் பெயரையே வைத்துவிட்டதால் அம்மனின் அதிகாரமும் சேர்ந்தே வந்திருந்தது. முப்பிடாதிக்கு முன்னால் இந்தத் தரை அவளுடையது. சீக்கிரம் வருகிறவர்களை நான் விரட்டுவேன், அவள் பின்னாலேயே போய்க் கூட்டிக்கொண்டு வருவாள். "வந்தவுகள வாசல்ல நிக்க வைக்காதிய. சுவரோரமா உக்காந்துட்டுப் போறாக, ஒங்களுக்கு என்ன." இந்த ஒரு விஷயத்துக்காக நாங்கள் போட்ட சண்டையில் மேற்குத் தொடர்ச்சி மலை இரண்டடி கிழக்கே நகர்ந்திருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் திருநெல்வேலியில், இப்போது என்னை வரச் சொல்கிற அதே ஆஸ்பத்திரியில், அவளை லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கதவு மூடும்போது, "சீயக்காய் தீந்துபோச்சு, வாங்கி வைங்க" என்றாள். லிஃப்ட் மேலே போனது. அப்புறம் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் ஆட்கள் போனதும், முப்பிடாதியை மத்தியானம் வரச் சொல்லிவிட்டு, கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கணக்குப் பார்க்கத்தான். கணக்கு ஒன்றும் இல்லை.

யாரும் வரவில்லை. மேற்கே அருவிச் சத்தம். ஒருமுறை சீயக்காய் வாசனை வந்தது. எழுந்து அடுப்படிக்குப் போனேன். அங்கே போனதும் வாசனை கூடத்தில் இருந்தது. கூடத்துக்கு வந்தால் அடுப்படியில். இப்படியே என்னை வீடு முழுக்க இழுத்தடித்தது. நடுத்தரையில் கால் வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சில் கொஞ்சம் வாயு. இடது கை வரைக்கும் போகிற வாயு.

ஜூன் 27, வெள்ளி

வடிவு போனில் குதித்தாள்.

"மாமா, யாரு அந்த அம்மா?"

"எந்த அம்மா?"

"தங்கிட்டுப் போனவங்க எல்லாம் எழுதியிருக்காங்க. 'அங்கே இருந்த அம்மா அன்பாகப் பேசினார்.' 'அம்மா சொல்லித்தான் வழுக்காமல் தப்பித்தோம்.' விருதுநகர்க்காரங்க அஞ்சு நட்சத்திரம் குடுத்து, நாலு அந்தம்மாவுக்கு, ஒண்ணு வீட்டுக்குன்னு போட்டிருக்காங்க. மாமா, எங்கிட்ட மறைக்காதீங்க. யாரையாச்சும் கூட்டிட்டு வந்து வச்சிருக்கீங்களா?"

அறுபத்தாறு வயதில் எனக்கு இப்படி ஒரு கீர்த்தி. மறுக்க மனம் வரவில்லை.

"வச்சிருந்தா என்ன?"

"சந்தோசப்படுவேன். ஆபரேஷனுக்கு அவங்களாவது இழுத்துட்டு வருவாங்க."

சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன், சரித்திரத்துக்காக.

ஜூலை 1, செவ்வாய்

சட்டத்தை நானே உடைத்தேன். இன்று வர வேண்டிய சிவகாசிப் புதுமணத் தம்பதிக்கு நேற்றே போன் பண்ணி, "விடிஞ்சதும் வந்துருங்க, தங்கங்களா" என்றேன். சந்தேகப்பட்டார்கள். பாம்பு கிடையாது என்று அவர்கள் கேட்காமலே சத்தியம் செய்தேன்.

காலையில் கதவை வெளியே பூட்டிவிட்டு, எதிர்த்த டீக்கடையில் செய்தித்தாளுக்குப் பின்னால் பதுங்கினேன். ஆட்டோ வந்தது. தம்பதி இறங்கிப் படி ஏறினார்கள். கதவு திறந்தது. நான் பூட்டிய கதவு. உள்ளே இருட்டுதான் தெரிந்தது. இரண்டு பேரும் குனிந்து செருப்பைக் கழற்றினார்கள்.

டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். ஓடினேன் என்பது சக்கரவர்த்திகள் எழுதும் முறை. நடந்தேன், ரோட்டின் நடுவே ஒருமுறை நின்றேன், மறுபடி நடந்தேன். நான் போவதற்குள் கூடத்தில் அந்த இரண்டு பிள்ளைகள் மட்டும், சுவரோரம்.

"எங்க அவ?"

"இப்பத்தான் உள்ள போனாங்க தாத்தா" என்றாள் அந்தப் பெண். "உங்களப் பத்திக் கேட்டாங்க. அவுக மாத்திரை போட்டாகளான்னு."

"நீ என்ன சொன்ன?"

"எங்களுக்குத் தெரியாதேன்னு சொன்னோம். போட்டிருக்க மாட்டாருன்னு அவங்களே சொல்லிட்டாங்க."

போடவில்லை. இன்று மட்டுமில்லை. பின்னறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். இரண்டு நாள் மாத்திரையைச் சேர்த்துப் போடலாமா என்று அட்டையில் எழுதவில்லை.

ஜூலை 3, வியாழன்

முப்பிடாதி பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஊரு பூரா பேசுது அண்ணாச்சி. ஒங்க வீட்டுல மதினி நடமாடுதாவுளாம். இத்தன நாளும் இங்கன கெடந்து தேய்க்கேன், என் கண்ணுல ஒரு நாளாச்சும் பட்டாகளா?"

"என் கண்ணுலயுந்தான் படல."

"நம்ம ஆரு? நீங்க வீட்டுக்காரரு, நான் வேலைக்காரி. நம்மள எதுக்கு வாங்கன்னு கூப்பிடணும்? ரூமு போட்டு, பையத் தூக்கிட்டு, முந்திக்கிட்டு வாரவுகளத்தான கூப்பிடுதாக."

சொல்லிவிட்டுத் தேய்க்கப் போய்விட்டாள். நான் சாயங்காலம் வரை அதே இடத்தில் நின்றேன்.

அவள் மகளை விட்டுப் போனில் சாரல் இல்லத்திலேயே ஓர் அறை போடச் சொன்னேன். பெயர்: கு. லிங்கம். ஒருவர். தேதி: ஜூலை ஒன்பது. மற்ற நாளெல்லாம் நிறைந்துவிட்டது, நான் என்ன செய்ய. ஆஸ்பத்திரி எங்கேயும் ஓடிப்போகாது. ஒரு நாள் தள்ளிப் போனால் என் நெஞ்சு பஸ்ஸைத் தவறவிடாது.

வடிவிடம், ஒன்பதாம் தேதி நானே பஸ் ஏறி வந்துவிடுவேன், நீ ரயிலில் வந்து ஆஸ்பத்திரியில் இரு என்று சொல்லிவிட்டேன். "சத்தியமா?" என்றாள். இருமிவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

விருந்தாளி என்றால் வெளியூரிலிருந்து வர வேண்டும். தென்காசியில் ஒரு லாட்ஜில் வந்து படுத்திருக்கிறேன். பையில் மாற்று வேட்டி, நல்லெண்ணெய்ப் பாட்டில், மாத்திரை, இந்த டைரி. வீடு காலி. முப்பிடாதியை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. சவரம் செய்துகொண்டேன். கல்யாணத்துக்கு முந்தின நாள்கூட இவ்வளவு நன்றாகச் செய்துகொண்டதில்லை.

ஜூலை 9, புதன்

எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

காலையில் ஆட்டோவில் வந்து கேட்டுக்கு வெளியே இறங்கிக்கொண்டேன். மலை முழுக்க மூட்டம். நாலு படிதான் அந்த வீட்டுக்கு. இன்று யாரோ நாற்பதாக்கி வைத்திருந்தார்கள். நெஞ்சின் மேல் ஒரு யானை உட்கார்ந்திருந்தது. இது மிகையில்லை. எழுதிய வரைக்கும் இது ஒன்றுதான் மிகையில்லை.

உள்ளே நார் பிரஷ் சத்தம். சரக், சரக், பிறகு ஒரு நிறுத்தம். ஈரக் கையால் துண்டைச் சரிசெய்கிற நிறுத்தம். முப்பிடாதி நிறுத்தமாட்டாள், ஒரே மூச்சில் தேய்ப்பாள்.

கதவைத் தட்டினேன். பிரஷ் நின்றது.

"ஆரு?"

மூன்று வாரமாக எத்தனையோ பேர் வாய் வழியாகக் கேட்டேன். இது அவள் வாய்.

நான்தான் என்று சொல்லத் தோன்றியது. விருந்தாளி அப்படிச் சொல்லமாட்டான்.

"ரூம் போட்டிருக்கேன். கொஞ்சம் முந்தி வந்துட்டேன். பையை மட்டும் வச்சுக்கிடுதேன்."

உள்ளே சிரிப்பு மாதிரி ஒன்று.

"வாசல்ல பலகை தொங்குது, வாசிக்கலியோ?"

"வாசிச்சேன். நானே எழுதுனதுதான்."

"அப்பம் நேரத்துக்கு வாங்க."

"ஊர்ல உள்ளவன எல்லாம் உள்ள விடுத. எனக்கு மட்டும் என்ன சட்டம்?"

"அவுக சொன்னா கேப்பாக, சுவரோரமா வருவாக. நீங்க நடுத்தரையில நடப்பிய. விழுந்திருவிய."

சாவியைப் போட்டுத் திருப்பினேன். பூட்டு திறந்தது. தள்ளினேன். அப்போது உள்ளே ஒரு தாழ்ப்பாள் விழுந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பழைய இரும்புத் தாழ்ப்பாள், கடைசியில் கொஞ்சம் மாட்டிக்கொண்டு பிறகு விழும். கதவு மலை மாதிரி நின்றது.

"குழலி. ஒரு நிமிசம். பாத்துட்டுப் போயிருதேன்."

நான் இந்த வாசலில் எத்தனை ஆயிரம் பேரிடமிருந்து இதே வார்த்தையைக் கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பிரஷ் ஒரே ஒரு முறை சரக்கென்றது.

"சீயக்காய் வாங்கி வச்சியளா?"

வாங்கவில்லை. முப்பிடாதிதான் வாங்குகிறாள். மூன்று வருஷமாக அந்தக் கடைப் பக்கமே நான் போகவில்லை.

"இல்ல."

"வாங்கிட்டு வாங்க."

அவ்வளவுதான். பிரஷ் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது, வேலையைப் பார்க்கிறவள் சத்தம். படியில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கதவுக்கு அடியிலிருந்து பழுப்பு நிறத்தில் சீயக்காய்த் தண்ணீர் வழிந்து வந்து என் பையின் அடியை நனைத்தது. எழுந்துகொள்ளச் சொல்கிற தண்ணீர். பையைத் தூக்கிக்கொண்டேன்.

வடிவுக்குப் போன் போட்டேன். "வாரேன்" என்றேன். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ரயில் ஸ்டேஷன் சத்தம்.

போகிற வழியில் முப்பிடாதி வீட்டில் சாவியைக் கொடுத்தேன்.

"ஆரு முந்தி வந்தாலும் திறந்து விட்டுரு."

"அப்பம் பாம்பு?"

"செத்துப்போச்சு."

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க் கடையில் ஒரு கிலோ சீயக்காய்த் தூள் வாங்கினேன். மடியில் வைத்துக்கொண்டே திருநெல்வேலி வரைக்கும் வந்தேன். பஸ் முழுக்கத் தும்மியது.

ஜூலை 10, வியாழன்

விடிந்துவிட்டது. ஏழு மணிக்கு வருவேன் என்ற நர்ஸம்மா ஆறரைக்கே வந்துவிட்டார். "பலகை வாசிக்கலியா?" என்று கேட்டேன். வடிவு என் கையைக் கிள்ளினாள்.

"ஆஸ்பத்திரிக்கு யாராச்சும் சீயக்காய் கொண்டு வருவாங்களா மாமா?"

"ஆஸ்பத்திரிக்கு இல்லடி. வீட்டுக்கு. பத்திரமா வச்சுக்க, நானே கொண்டுபோய்க் குடுக்கணும்."

லிஃப்டுக்குக் காத்திருக்கிறோம். அதே லிஃப்ட். அதைப் பார்க்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது முப்பிடாதி போன். குரலே சரியில்லை. விடியற்காலையிலேயே ஒரு கூட்டம் வந்துவிட்டதாம். இவள் சாவியோடு போய்ச் சேர்வதற்குள் எல்லோரும் உள்ளே, செருப்பும் கையுமாக, சுவரோரம்.

"அண்ணாச்சி, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம். அந்தம்மா சொல்லச் சொன்னாகன்னு இவுக சொல்லுதாக."

"என்ன?"

"தரை இன்னும் காயலையாம். அவசரப்பட்டு வர வேண்டாமாம்."

லிஃப்ட் வந்துவிட்டது. வடிவு டைரிக்குக் கை நீட்டுகிறாள். காயட்டும். மெதுவாகவே காயட்டும். எங்கள் ஊர்ச் சாரலில் ஒரு தரை காய, குறைந்தது இருபது வருஷம் ஆகும்.